இடம் மாறும் ஏற்பிகள்: கற்கும்போது மூளைக்குள் நடப்பது என்ன?

புதிதாக ஒன்றைக் கற்கும்போது மூளையில் பெரிதும் மாறுவது நரம்பு செல்களின் எண்ணிக்கை அல்ல, அவற்றுக்கு இடையிலான இணைப்புகளின் வலிமை. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இடங்களில் மற்ற செல்களைச் சந்திக்கிறது. அந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். ஒரு சினாப்ஸ் வலுவாக இருந்தால் ஒரு செல்லின் செய்தி அடுத்த செல்லில் ஓங்கிக் கேட்கும். வலுவிழந்தால் கேட்டும் கேட்காததுமாகப் போகும். பழக்கத்தாலும் அனுபவத்தாலும் இந்த வலிமை கூடுவதையும் குறைவதையும் அறிவியலாளர்கள் சினாப்ஸின் நெகிழ்வுத்தன்மை என்கிறார்கள்.

இந்த வலிமையை நிர்ணயிப்பவற்றுள் முக்கியமானது, செய்தியைப் பெறும் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் எனும் புரதங்கள். அவை எத்தனை இருக்கின்றன, எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே செய்தி எவ்வளவு உறைக்கும் என்பது அமைகிறது. சினாப்ஸில் ஏற்பிகள் பதித்துவைத்தவை போல அசையாமல் இருக்கின்றன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் அந்தக் கருத்தை மாற்றிவிட்டன. ஏற்பிகள் ஓயாமல் நகர்கின்றன. செல்லுக்குள்ளிருந்து மேலே வருகின்றன, சவ்வின் மேல் அலைகின்றன, சினாப்ஸில் சிறிது நேரம் தங்குகின்றன, மீண்டும் உள்ளே போகின்றன. கற்றல் என்பது பெருமளவுக்கு இந்தப் போக்குவரத்தில் ஏற்படும் மாற்றமே. இதைத் தெளிவாக்கிய ஆய்வுகளில் பெங்களூருவிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றிய இந்திய அறிவியலாளர்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு சந்திப்பு, இரண்டு ஏற்பிகள்

சினாப்ஸில் இரண்டு செல்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். செய்தி அனுப்பும் செல்லில் மின்துடிப்பு வந்து சேர்ந்ததும், அதன் முனையிலுள்ள நுண்பைகள் திறந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை இந்த இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்ப்பக்கத்தில் பெரும்பாலும் சிறு முள் போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த முள்ளின் தலைப்பகுதியில்தான் ஏற்பிகள் கூடியிருக்கின்றன.

குளூட்டமேட்டைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் இரண்டு வகைகள் இங்கே முக்கியம். முதலாவது ஆம்பா ஏற்பி. நான்கு துணைப் புரதங்கள் சேர்ந்து நடுவில் ஒரு துளையை உருவாக்கும் அமைப்பு இது. குளூட்டமேட் வந்து ஒட்டியதும் துளை திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், சில மில்லிநொடிகளில் துளை மூடிக்கொள்ளும். அன்றாடச் செய்திப் பரிமாற்றத்தில் பெரும்பகுதியைச் செய்வது இந்த ஏற்பிதான். ஆம்பா ஏற்பிகள் எவ்வளவு அதிகமோ சினாப்ஸ் அவ்வளவு வலுவானது என்று பொதுவாகச் சொல்லலாம்.

இரண்டாவது என்எம்டிஏ ஏற்பி. குளூட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் இதற்குப் போதாது. சாதாரண நிலையில் இதன் துளையை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். 1984இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. பெறும் செல் ஏற்கெனவே கிளர்ந்த நிலையில் இருந்தால்தான் அந்த அடைப்பு விலகும். ஆகவே அனுப்பும் செல்லும் பெறும் செல்லும் ஒரே நேரத்தில் இயங்கினால் மட்டுமே என்எம்டிஏ ஏற்பி முழுமையாகத் திறக்கும். அப்போது அதன் வழியே கால்சியம் உள்ளே நுழையும். முள்ளுக்குள் நடக்கும் மாற்றங்கள் அனைத்துக்கும் தொடக்கம் அந்தக் கால்சியம்தான். சுருங்கச் சொன்னால், கற்க வேண்டிய தருணத்தை அறிவது என்எம்டிஏ ஏற்பி; கற்றதன் விளைவை வெளிக்காட்டுவது ஆம்பா ஏற்பி.

முயல் மூளையிலிருந்து மௌன சினாப்ஸ் வரை

இரண்டு செல்கள் சேர்ந்து இயங்கினால் அவற்றின் இணைப்பு வலுப்படும் என்ற கருத்தைக் கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் வெளியிட்டார். அப்போது அதற்கு நேரடிச் சான்று இல்லை. சான்று 1973இல் வந்தது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் மயக்கநிலையில் இருந்த முயல்களின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஆய்வு செய்தார்கள். புதிய நினைவுகள் உருவாகத் தேவையான மூளைப் பகுதி அது. அங்குள்ள ஒரு நரம்புப் பாதையில் வேகமான மின்துடிப்புகளைச் சிறிது நேரம் செலுத்தினார்கள். அதன் பிறகு அந்தப் பாதையின் சினாப்ஸ்கள் முன்னைவிட வலுவாகச் செயல்பட்டன, அந்த வலிமை மணிக்கணக்கில் நீடித்தது. இது நீண்டகால வலுவூட்டம் எனப்படுகிறது. என்எம்டிஏ ஏற்பிகளை ஒரு மருந்தால் தடுத்தால் வலுவூட்டம் நிகழ்வதில்லை என்று 1983இல் கிரஹாம் காலிங்ரிட்ஜ் குழு காட்டியது. அதே தடுப்பு மருந்து செலுத்தப்பட்ட எலிகள், நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்கும் மேடை எங்கே இருக்கிறது என்பதைக் கற்கத் திணறுவதை 1986இல் ரிச்சர்ட் மாரிஸ் குழு காட்டியது.

வலிமை கூடுகிறது, சரி, எப்படிக் கூடுகிறது? அனுப்பும் செல் கூடுதலாகக் குளூட்டமேட் கொட்டுகிறதா, பெறும் செல்லின் காது கூர்மையாகிறதா என்பதில் பல ஆண்டுகள் கருத்து மோதல் நீடித்தது. 1995இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரு புதிய விவரத்தைக் கண்டன. ஒரு குழு ராபர்ட்டோ மாலினோவுடையது, மற்றது ரோஜர் நிகோல், ராபர்ட் மலெங்கா ஆகியோருடையது. என்எம்டிஏ ஏற்பி மட்டும் வேலை செய்து, ஆம்பா ஏற்பி வேலை செய்யாத சினாப்ஸ்கள் இருக்கின்றன என்பதே அந்த விவரம். செல் சாதாரண நிலையில் இருக்கும்போது இவற்றில் எந்தச் செய்தியும் பதிவாகாது. அதனால் இவற்றை மௌன சினாப்ஸ்கள் என்றார்கள். வலுவூட்டும் துடிப்புகளைச் செலுத்தியதும் அவை பேசத் தொடங்கின. இல்லாதிருந்த ஆம்பா ஏற்பிகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதே இதற்கு எளிய விளக்கம்.

1999இல் அது கண்ணால் காணக் கிடைத்தது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மாலினோவின் குழு ஆம்பா ஏற்பியின் துணைப் புரதம் ஒன்றோடு பச்சை ஒளிரும் புரதத்தைச் சேர்த்து, எலியின் ஹிப்போகாம்பஸ் செல்களில் உருவாகச் செய்தது. துடிப்புகளுக்கு முன் பச்சை ஒளி பெரும்பாலும் செல்லின் கிளைகளின் உட்பகுதியில் தங்கியிருந்தது. துடிப்புகளுக்குப் பின் அது முள்களுக்குள் புகுந்தது. என்எம்டிஏ ஏற்பியைத் தடுத்தபோது அந்த நகர்வு நடக்கவில்லை.

ஏற்பியின் பயணம்

ஓர் ஆம்பா ஏற்பி செல்லின் உட்பகுதியில் தயாராகிறது. நான்கு துணைப் புரதங்கள் சேர்ந்த பிறகு நுண்பைகளில் ஏறி, செல்லின் உள்ளே பாதை போல நீளும் இழைகளின் வழியே கிளைகளை அடைகிறது. முள்களின் அருகே இத்தகைய பைகள் இருப்பாகவும் காத்திருக்கின்றன. கால்சியம் சைகை கிடைத்ததும் பை செல்சவ்வோடு இணைகிறது, ஏற்பி வெளிப்பரப்புக்கு வந்துவிடுகிறது.

வெளியே வந்த ஏற்பி நேராகச் சினாப்ஸில் போய் அமர்வதில்லை. செல்சவ்வு எண்ணெய் போன்ற கொழுப்புப் படலம். அதில் மிதக்கும் புரதங்கள் வெப்ப அசைவால் பக்கவாட்டில் அலைந்துகொண்டே இருக்கும். அப்படி அலையும் ஏற்பி தற்செயலாக ஒரு சினாப்ஸுக்குள் நுழைகிறது. அங்கே பிடிப்பு கிடைத்தால் தங்கும், கிடைக்காவிட்டால் வெளியேறிவிடும்.

அந்தப் பிடிப்பைத் தருவது சினாப்ஸின் அடியில் நெருக்கமாகப் பின்னியிருக்கும் புரதத் தளம். அதில் முதன்மையானது பிஎஸ்டி-95 என்ற புரதம். ஒரு சினாப்ஸில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆம்பா ஏற்பி அதை நேரடியாகப் பற்றுவதில்லை. ஸ்டார்கேசின் என்ற துணைப் புரதம் நடுவே நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க உதவியது நோயுற்ற ஓர் எலி வகை. அந்த எலிகள் நடக்கத் தடுமாறும், தலையை அடிக்கடி மேல்நோக்கித் தூக்கும். அவற்றில் பழுதான மரபணு எது என்று 1998இல் தெரிந்தது. அந்த மரபணுவின் புரதமான ஸ்டார்கேசின் இல்லாத எலிகளின் சிறுமூளையிலுள்ள ஒரு வகைச் செல்களில், ஆம்பா ஏற்பிகள் உருவானாலும் மேற்பரப்புக்கு வந்து சேர்வதில்லை என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்பி தனியாகப் பயணிப்பதில்லை, துணையோடுதான் பயணிக்கிறது என்பது அன்றிலிருந்து உறுதியானது.

திரும்பும் வழியும் உண்டு. சினாப்ஸை விட்டு விலகிய ஏற்பியைச் சவ்வின் ஒரு பகுதி குழிந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனபின் அது மீண்டும் மேற்பரப்புக்கு அனுப்பப்படலாம், அல்லது சிதைக்கப்படலாம். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட நரம்பு செல்களில் ஆம்பா ஏற்பியின் ஆயுள் ஓரிரு நாள் அளவில்தான் இருக்கிறது.

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலில் கூட்டம் உள்ள நாளில் சந்நிதி முன் நிற்பவர்களைக் கவனித்தால் இதன் கணக்கு புரியும். எந்த ஒருவரும் அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் காலையிலிருந்து மாலைவரை சந்நிதி முன் ஏறத்தாழ அதே அளவு கூட்டம் இருக்கும். அந்த அளவைத் தீர்மானிப்பவை வரிசையில் எத்தனை பேர் உள்ளே விடப்படுகிறார்கள், ஒருவர் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எத்தனை பேர் வெளியே போகிறார்கள் ஆகிய மூன்றும். விநாயகர் சதுர்த்தி பிரம்மோற்சவத்தில் இந்த மூன்றும் மாறுகின்றன, கூட்டத்தின் அளவும் மாறுகிறது. சினாப்ஸின் வலிமையும் இதே மூன்றைப் பொறுத்ததுதான்: வரத்து, தங்கும் நேரம், வெளியேற்றம். கற்றல் இவற்றில் எதை மாற்றினாலும் ஏற்பிகளின் எண்ணிக்கை மாறும்.

தனி ஏற்பியைத் தொடர்ந்து பார்த்தல்

ஏற்பிகள் சவ்வின் மேல் அலைகின்றன என்பதை நேரடியாகக் காட்டியவர் பிரான்சின் போர்தோ நகரில் பணியாற்றும் டேனியல் ஷோக்கே. 2002இல் அவர் குழு ஆம்பா ஏற்பியைப் பற்றக்கூடிய எதிர்ப்புப் புரதத்தை நுண்ணிய லேடெக்ஸ் மணிகளில் பூசி, உயிருள்ள நரம்பு செல்களின் மேல் விட்டது. ஏற்பியில் ஒட்டிய மணியை நுண்ணோக்கியில் தொடர்ந்தபோது, அது சிறிது நேரம் வேகமாக அலைவதும் சிறிது நேரம் நின்றுவிடுவதும் தெரிந்தது. செல்லில் கால்சியம் கூடியபோது நிற்பது அதிகமாயிற்று. அடுத்த ஆண்டுகளில் மணிக்குப் பதிலாக ஒற்றைச் சாய மூலக்கூறு வந்தது. சினாப்ஸின் உள்ளேயும் ஒரு பகுதி ஏற்பிகள் அலைந்துகொண்டிருப்பது அதன்பின் தெளிவாயிற்று.

இந்த அலைச்சலுக்கு நொடிக்கும் குறைவான நேரத்திலேயே ஒரு பயன் இருக்கிறது. ஒருமுறை குளூட்டமேட்டைப் பற்றிய ஆம்பா ஏற்பி, சற்று நேரம் மரத்துப்போய்விடும். அடுத்த துடிப்பு உடனே வந்தால் அதனால் பதிலளிக்க முடியாது. மரத்த ஏற்பி விலகி, புதிய ஏற்பி அந்த இடத்துக்கு வந்தால் சினாப்ஸ் வேகமாக மீளும். 2008இல் ஷோக்கே குழு ஏற்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து அசையவிடாமல் செய்தபோது, அடுத்தடுத்து வந்த துடிப்புகளுக்குச் சினாப்ஸின் பதில் தளர்ந்துபோனது.

அடுத்த கேள்வி, சினாப்ஸுக்குள் ஏற்பிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகளை அது ஒன்றாகவே காட்டும். ஒரு சினாப்ஸின் அகலமே சில நூறு நானோமீட்டர் என்பதால் அதன் உள்ளமைப்பு மங்கலாகத்தான் தெரியும். இந்த எல்லையைத் தாண்டும் முறைகளுக்காக எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோருக்கு 2014ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றுள் ஒரு முறையின் உத்தி எளியது. எல்லா ஏற்பிகளையும் ஒரே நேரத்தில் ஒளிரவிடாமல், ஒரு கணத்தில் ஆங்காங்கே ஒன்றிரண்டு மட்டும் ஒளிரும்படி செய்வார்கள். தனியாக ஒளிரும் புள்ளியின் நடுமையத்தைக் கணினி துல்லியமாகக் குறித்துக்கொள்ளும். பிறகு அவை அணைந்து வேறு சில ஒளிரும். இப்படி ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தால் ஒவ்வொரு மூலக்கூறும் இருந்த இடம் வரைபடமாகக் கிடைக்கும்.

இந்த முறைகளைக் கொண்டு எலியின் ஹிப்போகாம்பஸ் செல்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் தீபக் நாயர். அப்போது அவர் ஷோக்கேயின் ஆய்வகத்தில் இருந்தார். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில் சொந்த ஆய்வுக் குழுவை அமைத்தார். ஆம்பா ஏற்பிகள் சினாப்ஸ் முழுவதும் சீராகத் தூவப்பட்டிருக்கவில்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு. பல சினாப்ஸ்களில் அவை சில சிறு திட்டுகளாகக் குவிந்திருந்தன. ஒரு திட்டின் குறுக்களவு சுமார் 70 நானோமீட்டர், அதில் சுமார் 20 ஏற்பிகள். திட்டுக்குள் ஏற்பிகள் பிடிபட்டு நின்றன, வெளியே தாராளமாக அலைந்தன. பெரும்பாலான திட்டுகள் ஒரு மணி நேரம்வரை நிலைத்தன. சில நிமிடங்களில் தோன்றி மறைந்தவையும் உண்டு.

ஆம்பா ஏற்பிக்குக் குளூட்டமேட்டின் மேல் பற்று அவ்வளவு வலுவானதல்ல என்பதால் இந்தக் கண்டுபிடிப்புக்கு எடை கூடுகிறது. குளூட்டமேட் கொட்டும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் ஏற்பிகள்தான் நன்றாகத் திறக்கும்; சற்றுத் தள்ளி இருப்பவற்றை அது போதிய அடர்த்தியில் சென்றடையாது. ஆகவே மொத்த எண்ணிக்கை மாறாமலேயே, ஏற்பிகள் குவியும் இடமும் நெருக்கமும் மாறினால் சினாப்ஸின் வலிமை மாறலாம்.

கால்சியத்துக்குப் பின்

என்எம்டிஏ ஏற்பியின் வழியே நுழைந்த கால்சியம் சில நொடிகளுக்குள் வெளியேற்றப்பட்டுவிடும். நினைவோ ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதில் பெரும் பங்கு காம்-கைனேஸ் 2 என்ற நொதிக்கு உண்டு. பன்னிரண்டு துணை அலகுகள் வளையமாக அடுக்கப்பட்ட இந்த நொதி, ஹிப்போகாம்பஸில் உள்ள மொத்தப் புரதத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. கால்சியம் அதை இயக்கியதும் அருகருகே உள்ள அலகுகள் ஒன்றன் மேல் ஒன்று பாஸ்பேட் குழுவை ஏற்றிக்கொள்ளும். அதன் பிறகு கால்சியம் குறைந்தாலும் நொதி உடனே ஓய்ந்துவிடாது.

இயங்கத் தொடங்கிய நொதி சினாப்ஸுக்கு வந்து என்எம்டிஏ ஏற்பியின் ஒரு துணைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணைப் புரதத்தில் இந்த நொதி செயல்படும் இடத்தை அடையாளம் கண்டு 1996இல் வெளியிட்ட ஆய்வின் முதல் ஆசிரியர் ஆர்.வி. ஓம்குமார். அமெரிக்காவில் மேரி கென்னடியின் ஆய்வகத்தில் அந்தப் பணியைச் செய்த அவர், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் இந்த நொதி குறித்த ஆய்வைத் தொடர்ந்தார். சினாப்ஸில் தங்கிய நொதி, ஸ்டார்கேசினில் பாஸ்பேட் ஏற்றுகிறது. அதனால் ஸ்டார்கேசினுக்கு பிஎஸ்டி-95 மேலுள்ள பிடிப்பு இறுகுகிறது. அலைந்து வரும் ஆம்பா ஏற்பிகள் முன்னைவிட எளிதாகப் பிடிபடுகின்றன. வெளிப்பரப்புக்கு வரும் ஏற்பிகளின் வரத்தும் கூடுகிறது. முள்ளின் தலையும் பெருக்கிறது.

இருந்தாலும் ஒரு புதிர் மிச்சம். ஏற்பிகளும் நொதிகளும் சில நாளில் சிதைந்து புதியவை வருகின்றன என்றால், வலுவடைந்த நிலை எப்படி நீடிக்கிறது? பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் உபிந்தர் பல்லாவும் ஆர்னால்ட் ஹேயரும் 2005இல் இதற்குக் கணினி மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். ஏற்பிகள் சவ்வுக்கு வருவதும் உள்ளே போவதும், நொதி சினாப்ஸுக்கு வந்து சேர்வதும் தம்மைத் தாமே வலுப்படுத்திக்கொள்ளும் சுழற்சிகளாக இருக்க முடியும் என்று அந்த மாதிரி காட்டியது. அத்தகைய சுழற்சிக்கு இரண்டு நிலைகள் உண்டு: ஏற்பிகள் குறைவாக உள்ள நிலை, அதிகமாக உள்ள நிலை. ஒரு வலுவான சைகை சினாப்ஸை மேல்நிலைக்குத் தள்ளிவிட்டால், தனித்தனி மூலக்கூறுகள் மாறிக்கொண்டே இருந்தாலும் சினாப்ஸ் அந்த நிலையிலேயே நிற்கும். நினைவு எந்த ஒரு மூலக்கூறிலும் இல்லை, மூலக்கூறுகளின் வரவு செலவு எந்த அளவில் சமன்படுகிறது என்பதில் இருக்கிறது என்பதே இதன் உட்பொருள்.

உயிருள்ள விலங்கில் சோதனை

மூளைத் துண்டிலும் வளர்ப்புச் செல்லிலும் கண்டது, விலங்கு உண்மையில் கற்கும்போதும் நடக்கிறதா? 2005இல் மாலினோ குழு இதை எலிகளில் சோதித்தது. ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, உடனே காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், எலி அடுத்த முறை ஒலியை மட்டும் கேட்டாலே அஞ்சி உறைந்து நிற்கும். அச்சத்தைக் கற்கும் மூளைப் பகுதி அமிக்டலா. பயிற்சிக்குப் பின் அங்குள்ள செல்களில் பெரும் பங்கினவற்றின் சினாப்ஸ்களில் புதிய ஆம்பா ஏற்பிகள் சேர்ந்திருந்தன. அந்தச் செல்களில் 10 முதல் 20 சதவீதத்தில் மட்டும் ஏற்பிகள் சேர விடாமல் தடுத்தாலே நினைவு பழுதுபட்டது.

2014இல் அதே ஆய்வாளரின் குழு இன்னும் துணிந்த ஒரு சோதனையை வெளியிட்டது. ஒலிக்குப் பதிலாக, அமிக்டலாவுக்குச் செல்லும் நரம்பிழைகளை ஒளியால் தூண்டும்படி மரபணு முறையில் மாற்றினார்கள். ஒளித்தூண்டலோடு மின்னதிர்ச்சியை இணைத்தபோது எலி அந்தத் தூண்டலுக்கு அஞ்சக் கற்றது. பிறகு அதே இழைகளை நொடிக்கு ஒருமுறை என்ற மெதுவான வேகத்தில் நெடுநேரம் தூண்டினார்கள். இது சினாப்ஸை வலுவிழக்கச் செய்யும் முறை. அச்சம் மறைந்தது. அடுத்து நொடிக்கு நூறு முறை என்ற வேகத்தில் தூண்டி சினாப்ஸை வலுப்படுத்தினார்கள். மீண்டும் மின்னதிர்ச்சி கொடுக்காமலேயே அச்சம் திரும்பியது.

ஏற்பிகளின் அலைச்சல் கற்றலுக்கு உண்மையில் தேவையா என்ற கேள்விக்கு 2017இல் ஷோக்கே குழு விடை தந்தது. எலியின் ஹிப்போகாம்பஸில் மேற்பரப்பு ஆம்பா ஏற்பிகளை எதிர்ப்புப் புரதத்தால் பிணைத்து அசையவிடாமல் செய்தார்கள். சாதாரணச் செய்திப் பரிமாற்றம் நடந்தது, வலுவூட்டத்தின் தொடக்கக் கட்டம் மட்டும் குலைந்தது. அத்தகைய எலிகள் மின்னதிர்ச்சி பெற்ற இடத்தை அடையாளம் வைத்து அஞ்சக் கற்பதிலும் பின்தங்கின. ஏற்பிகள் இருந்தால் போதாது, அவை நகரவும் வேண்டும்.

குறைப்பதும் கற்றலே

ஏற்பிகள் சேர்ந்துகொண்டே போனால் எல்லாச் சினாப்ஸ்களும் உச்சத்தை எட்டிவிடும். பிறகு புதிதாக எதையும் கற்க இடம் இராது. ஆகவே குறைக்கும் வழிகளும் மூளையில் உண்டு. என்எம்டிஏ ஏற்பியின் வழியே கால்சியம் குறைந்த அளவில், நெடுநேரம் கசிந்தால், பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளுக்குப் பதில் அதை நீக்கும் நொதிகள் ஓங்குகின்றன. ஆம்பா ஏற்பிகள் பிடிப்பிழந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. இது நீண்டகாலத் தளர்வின் ஒரு வகை. சிறுமூளையில் நீண்டகாலத் தளர்வை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாவோ இட்டோவும், ஹிப்போகாம்பஸில் 1992இல் செரீனா டூடெக், மார்க் பேர் ஆகியோரும் காட்டினார்கள். உடல் அசைவுகளைத் திருத்திக்கொள்ளும் பயிற்சியில் சிறுமூளையின் தளர்வுக்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது.

தனிச் சினாப்ஸில் அல்லாமல் செல் முழுவதும் நடக்கும் சரிக்கட்டலும் இருக்கிறது. செல்களின் இயக்கத்தை இரண்டு நாள் அடக்கிவைத்தால் அவை தம் சினாப்ஸ்கள் அனைத்தின் வலிமையையும் ஒரே விகிதத்தில் கூட்டிக்கொள்வதை 1998இல் ஜினா டரிகியானோ குழு கண்டது. தூக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. விழித்திருக்கும் எலிகளைவிடத் தூங்கும் எலிகளின் சினாப்ஸ்களில் ஆம்பா ஏற்பிகள் குறைகின்றன என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹுகனிர் குழு 2017இல் தெரிவித்தது.

போக்குவரத்து பிசகினால்

ஏற்பிகளின் நகர்வு பிசகும்போது நோய்கள் வருகின்றன. பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் முக்கியமானது ஃபிராஜைல் எக்ஸ் நோய்த்தொகுப்பு. இந்த நோயின் எலி மாதிரியைத் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திரா சட்டர்ஜியின் குழு ஆராய்ந்தது. அமிக்டலாவில் வலுவூட்டம் குறைந்திருப்பதையும், மேற்பரப்பில் ஆம்பா ஏற்பியின் ஒரு துணைப் புரதம் குறைந்திருப்பதையும் 2010இல் அந்தக் குழு வெளியிட்டது. அதற்குக் கொடுத்துப் பார்த்த மருந்து சில குறைகளைச் சரிசெய்தது. மேற்பரப்பு ஏற்பிகளின் குறையைச் சரிசெய்யவில்லை. அதே பெங்களூருவில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் ஜேம்ஸ் கிளமென்ட், சின்கேப் என்ற சினாப்ஸ் புரதத்தின் மரபணுப் பழுதை ஆராய்கிறார். அறிவுத்திறன் குறைபாட்டோடும் வலிப்போடும் தொடர்புடைய பழுது அது. அமெரிக்காவில் அவர் பங்கேற்று 2012இல் வெளியான ஆய்வில், பழுதுள்ள எலிக்குட்டிகளின் சினாப்ஸ்கள் காலத்துக்கு முன்பே முதிர்ந்துவிடுவது தெரிந்தது. எலி வளர்ந்தபின் மரபணுவைச் சரிசெய்தும் பெரிய பலன் இல்லை. ஏற்பிகள் வந்து சேரவேண்டிய பருவமும் முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு பீட்டா புரதம், ஆம்பா ஏற்பிகளைச் சினாப்ஸிலிருந்து விலக்குகிறது என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் புரதம் எதிலிருந்து வெட்டப்பட்டு உருவாகிறதோ அந்த முன்னோடிப் புரதம் சினாப்ஸில் எப்படிக் குவிந்திருக்கிறது என்பதை நானோமீட்டர் அளவில் பெங்களூருவின் தீபக் நாயர் குழு ஆராய்ந்துள்ளது. நோய் எதிர்ப்பு மண்டலமே ஏற்பிகளைத் தாக்குவதும் உண்டு. 2007இல் அடையாளம் காணப்பட்ட ஒரு வகை மூளை அழற்சியில், உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் என்எம்டிஏ ஏற்பிகளைப் பிணைத்து செல்லுக்குள் போகச் செய்கின்றன. நோயாளிக்கு நினைவு குலையும், நடத்தை மாறும், வலிப்பு வரலாம். எதிர்ப்புப் புரதங்கள் குறைந்தால் ஏற்பிகள் மேற்பரப்புக்குத் திரும்புவதால் உரிய சிகிச்சையில் பலர் தேறுகிறார்கள். ஆம்பா ஏற்பியைத் தடுக்கும் பெராம்பனெல் என்ற மருந்து வலிப்பு நோய்க்கு 2012 முதல் அங்கீகாரத்தோடு பயன்பாட்டில் இருக்கிறது.

இங்கே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் நடந்தவை. மனித மூளையில் ஆம்பா ஏற்பிகளைப் பார்க்கும் வழி 2020இல் கிடைத்தது. ஜப்பானின் யோகோஹாமாவில் தகுயா தகஹாஷியின் குழு, அந்த ஏற்பியோடு ஒட்டும் கதிரியக்கப் பொருள் ஒன்றை உருவாக்கி, பெட் ஸ்கேன் மூலம் உயிருள்ள மனிதரின் மூளையில் அவற்றின் பரவலைப் படமாக்கியது. மூளையின் எந்தப் பகுதியில் ஏற்பிகள் கூடுதல், எந்தப் பகுதியில் குறைவு என்பதை இந்தப் படம் காட்டும். ஒரு தனிச் சினாப்ஸில் ஏற்பி நகர்வதைக் காண இன்னமும் வளர்ப்புச் செல்லும் எலியின் மூளையும்தான் வழி.